விளையாத நெல்லை விளைந்ததாகக் காட்டிய புது வெர்ஷன்

போன இதழில் நீங்கள் எழுதியது பொய்.

கம்ப்யூட்டர் மையத்தின் முன்னாள் தலைவரைச் சொல்கிறேன். பெயர் எழுதினால் இதழ் ஆசிரியர் வெட்டிவிடுவார், அதனால் எழுதவில்லை. நம் ஓய்வூதியர் சங்க இதழைப் படிக்கிற எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். எண்பதுகளில் பயிர்ப் புள்ளிவிவரங்களை அலசும் புரோகிராமுக்குப் புது வெர்ஷன் கொண்டுவந்ததையும், அதில் என்னென்ன புதுமைகள் இருந்தன என்பதையும் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மழை பொய்த்த அந்த வருஷத்துச் சம்பாவிலேயே அதை ஓட்டிக் காட்டியதாகப் பெருமைப்பட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: களப்பணியாளர்களிடமிருந்து ஒரு புகார்கூட வரவில்லையாம்.

வந்தது. நான் வந்தேன். என் மேலதிகாரி ரங்கசாமி சாரும் வந்தார். உங்கள் அறையில்தான் பேசினோம். டீகூட வாங்கிக் கொடுத்தீர்கள்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. வேலைக்காலம் முழுக்க நான் எழுதியது சர்வே நம்பரும் நெல் எடையும்தான். இப்போது உத்திரமேரூர் அலுவலகத்தில் ஆய்வாளராக இருப்பவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "சார், அப்ப நீங்கதான இங்க இருந்தீங்க? எல்லாம் இவ்ளோ சுலுவா நடந்துச்சா?" என்று கேட்டார். போனிலேயே சொல்ல ஆரம்பித்தேன், பாதிகூடச் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் புள்ளியியல் துறையில் சேர்ந்தேன். பயிற்சி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் சில வாரம் உட்கார வைத்துச் சராசரி, மாதிரி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். பிறகு ஒரு கயிறு, நாலு முளைக்குச்சி, டேப், தராசு, தார்ப்பாய் கொடுத்து உத்திரமேரூருக்கு அனுப்பிவிட்டார்கள். சைக்கிள் என் சொந்தச் செலவு.

வேலை இதுதான். ஒரு பிர்காவில், அதாவது பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்த ஒரு வருவாய்ப் பகுதியில், நெல் எவ்வளவு விளைந்தது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். எல்லா வயலையும் அறுத்து எடைபோட முடியாது. எண் அட்டவணையைப் பார்த்துக் குலுக்கல் முறையில் சில வயல்களைப் பொறுக்குவோம். யார் வயல், நல்ல வயலா கெட்ட வயலா என்று பார்க்கக் கூடாது. வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, அட்டவணை சொன்ன அளவு நீளவாக்கில் நடந்து, சொன்ன அளவு அகலவாக்கில் நடந்து, கால் நிற்கிற இடத்தில் முதல் முளை. அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். குறுக்கே கயிறு பிடித்து இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, அங்கேயே எடை போட வேண்டும். நெல்லை வயல்காரரிடமே கொடுத்துவிடுவோம். ஆனாலும் நடுவயலில் சதுரமாக வெட்டுவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

"இன்னா சார், நம்ம ஊரு கோயில் கல்லுல குடவோலைன்னு எழுதிகீதே, அந்த மாதிரி சீட்டு குலுக்கித்தான் என் வயலு வந்துச்சா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா" என்றேன். "அந்தக் காலத்துல சீட்டு வந்தா பதவி குடுத்தான். உன்கிட்ட சீட்டு வந்தா வயலுக்கு நடுவுல மொட்டை அடிக்கற."

ரங்கசாமி சார் காஞ்சிபுரம் அலுவலகத்தில் உதவி இயக்குநர். ஒல்லியான ஆள். நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதைப் பிறகு சொல்கிறேன். வயலில் நிற்பார், ஆபீஸிலும் மேஜை ஓரமாக நிற்பார், அதனால் நாங்களும் நிற்க வேண்டும். திட்ட மாட்டார். வேலை சரியில்லை என்றால் "மறுபடி" என்பார். அவ்வளவுதான். முளைகளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பவும் தென்மேற்கு மூலைக்குப் போக வேண்டும்.

ஒருமுறை திருமுக்கூடல் பக்கம் ஒரு பெரிய நிலக்காரர் வயலில் சோதனை. எங்கள் சதுரத்தில் பாதி, பயிர் பிடிக்காத சொட்டையில் விழுந்துவிட்டது. அவருக்குக் கௌரவக் குறைச்சல். "சார், அப்பால தள்ளிப் போடு சார். பாக்கறவன் இன்னா நெனப்பான், இவன் வயலு இவ்ளோதானான்னு" என்று வரப்பிலிருந்து கத்தினார். ரங்கசாமி சார் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "வயல்ல சொட்டை இருந்தா கணக்குலயும் சொட்டை இருக்கட்டும்யா."

அவர் எங்களுக்கு அடித்து அடித்துச் சொன்ன விதி இன்னொன்று. பயிர் செத்த வயலை மாற்றக் கூடாது. நெல்லுக்குப் பதில் கரும்போ வேர்க்கடலையோ போட்டிருந்தால் அடுத்த நம்பருக்குப் போகலாம். நெல் நட்டு, அது கருகிவிட்டது என்றால் அங்கேதான் கயிறு போட வேண்டும். எடை பூஜ்யம். கருகின வயலை ஒதுக்கிவிட்டு விளைந்த வயலை மட்டும் அளந்தால் வறட்சி வருஷம்கூட நல்ல வருஷம் ஆகிவிடும் என்பார்.

இனி காலிக் கட்டத்தின் கதை. இது புரியாவிட்டால் மேலே எதுவும் புரியாது.

எங்கள் எடையெல்லாம் காஞ்சிபுரத்தில் கட்டம் போட்ட தாளில் ஏறும். அங்கிருந்து சென்னைக்குப் போய், அட்டையில் துளையாகி, கம்ப்யூட்டருக்குள் போகும். பூஜ்யம் வந்தால் எழுத வேண்டாம், கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்பது உங்கள் மையத்தின் உத்தரவு. துளை போடும் பெண்களுக்கு ஒரு தடவை தட்டுவது மிச்சம். பழைய புரோகிராம் காலி இடத்தைப் பூஜ்யம் என்றே படித்தது. பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே செய்தோம். ஒரு கோளாறும் வரவில்லை.

அப்புறம் புது வெர்ஷன் வந்தது. நீங்களே காஞ்சிபுரத்துக்கு வந்து, ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களையெல்லாம் உட்கார வைத்து விளக்கினீர்கள். நல்லதைச் சொல்லாமல் விட மாட்டேன். கைப்பிடி சுற்றுகிற கூட்டல் மெஷினில் மாதக்கணக்கில் போட்ட கணக்கை அது ஒரே நாளில் போட்டது. இருக்க முடியாத எடையை, ஒரு சதுரத்தில் ஒரு வண்டி நெல் என்று யாராவது எழுதியிருந்தால், அதுவே பிடித்துத் தள்ளியது. முந்தின வருஷங்களோடு ஒப்பிட்டு, நட்சத்திரக் குறிகளை அடுக்கி வரைபடம்கூட அச்சடித்தது. நானும் கைதட்டினேன்.

பிறகு நீங்கள் சொன்ன புதுமை: காலி இடத்தை இனி அது பூஜ்யமாகப் படிக்காது. தகவல் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு, அதே பிர்காவின் மற்ற வயல்களின் சராசரியை அந்த இடத்தில் தானே போட்டுக்கொள்ளும். "விட்டுப்போனதை இனிமே மெஷினே பாத்துக்கும்" என்றீர்கள்.

அப்போது பின்னால் நின்றிருந்த ரங்கசாமி சார் கேட்டார்: "சார், எங்க ஆளுங்க பூஜ்யத்தை எழுதறதே இல்ல. காலியா விடச் சொல்லி நீங்கதான் சொல்லியிருக்கீங்க. செத்த வயல் எல்லாம் என்ன ஆகும்?"

நீங்கள் சொன்னீர்கள்: "நல்ல பாயிண்ட். இனிமே பூஜ்யம் எழுதச் சொல்லி சர்க்குலர் அனுப்பறோம். அது வர்ற வரைக்கும் பழைய முறையே தொடரட்டும். சிலர் எழுதி சிலர் எழுதாம விட்டா குழப்பம். சர்க்குலர் போகாம புது வெர்ஷன் ஓடாது."

மண்டபம் நிறைய ஆள் கேட்டோம். சர்க்குலர் போகாமல் ஓடாது.

அந்த வருஷம் ஐப்பசியில் பெய்யவில்லை. கார்த்திகையில் ரெண்டு தூறல். ஏரியில் மதகுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர், மற்றபடி வெடிப்பு. மதகை ஒட்டிய வயல்களும் நல்ல கிணறு இருந்தவர்களும் ஏதோ ஒப்பேற்றினார்கள். கடைமடை ஊர்கள் போய்விட்டன. வெண்ணிப்பாக்கம் அதில் ஒன்று. அங்கே குலுக்கலில் வந்தது கன்னியப்பன் வயல்.

கன்னியப்பன் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாகப் பாடுபட்டவர். கூட்டுறவுச் சங்கக் கடனில் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வாங்கிப் போட்டிருந்தார். அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் இல்லை, எஞ்சின் கோணி போர்த்திக் கிடந்தது. வயலில் கால் வைத்தால் காய்ந்த நெல்தாள் நொறுங்குகிற சத்தம்தான்.

நான் முளை அடித்துக் கயிறு கட்டினேன். அவர் பெண்டாட்டி பச்சையம்மாள் வரப்பில் உட்கார்ந்து பார்த்தாள்.

"இன்னா சார் அளக்கற? மாடுகூட வாய வெக்கல இதுல."

"வுடு புள்ள. அது சார் ஜோலி" என்றார் கன்னியப்பன்.

"நல்ல ஜோலி. பொணத்துக்குச் சட்ட தைக்க அளவு எடுக்கற மாதிரி கீது."

விதிப்படி உள்ளே இருந்ததை அறுத்தேன். தார்ப்பாயில் அடித்தேன். பதர். தராசை எடுக்கவே இல்லை.

கன்னியப்பன் கயிற்றைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "சார், இத இன்னான்னு எழுதுவ?"

"ஒண்ணும் வெளையலன்னு."

"அப்ப வசூல் நிக்குமா?"

பிர்காவின் சராசரி விளைச்சல் வழக்கத்தில் பாதிக்குக் கீழே போனால் அந்த வருஷம் சங்கக் கடன் வசூலைத் தள்ளிவைப்பார்கள், ஜப்தி கிடையாது. நான் அந்தப் பருவத்தில் கயிறு போட்ட வயல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் கிடந்தது. அதனால் சொன்னேன்: "நிக்கும், கன்னியப்பா. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாது."

"கேட்டுக்கினியா?" என்றார் பெண்டாட்டியைப் பார்த்து.

"கேட்டுக்கினேன். அந்தத் தாளு இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்" என்றாள் அவள்.

உத்தரவுப்படி கட்டம் காலியாகப் போனது. சர்க்குலர் வரவில்லை. வராததால் ஓடுவது பழைய வெர்ஷன் என்று நம்பினோம்.

பங்குனியில் வசூல் நிறுத்தப் பட்டியல் வந்தது. எங்கள் பிர்கா அதில் இல்லை. சங்கத்து ஆள் வெண்ணிப்பாக்கம் போய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் கன்னியப்பன் என் ஆபீஸ் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"சார், நீ இன்னா எழுதுன?"

"ஒண்ணும் இல்லன்னுதான்."

"ஒண்ணும் இல்லன்னா எப்டி சார் நெல்லு வந்துச்சு? என் வயல்ல கயிறு போட்டுட்டு, மதகாண்ட எவன் வயலையாவது எழுதிட்டியா?"

"இல்ல கன்னியப்பா."

"பேஜார் பண்ணாத சார். உண்மைய சொல்லு. நான் கோச்சிக்க மாட்டேன்."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

காஞ்சிபுரத்துக்கு ஓடினேன். ரங்கசாமி சார் சென்னையிலிருந்து வந்த அகலத் தாளை மேஜையில் விரித்து, நின்றபடியே, பென்சிலால் வரிவரியாக இறங்கினார். கன்னியப்பன் வயலுக்கு நேரே ஓர் எடை இருந்தது. பக்கத்தில் சின்ன நட்சத்திரம். எங்கள் பிர்காவில் செத்த வயல் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம். எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே எடை. மதகடி வயல்களின் சராசரி அது. நெல் ஒரு மணிகூட இல்லாத இடத்திலெல்லாம் மதகடி நெல்லைக் கொட்டி வைத்திருந்தது உங்கள் புது வெர்ஷன்.

"ஓட்டிட்டானுங்க" என்றார் ரங்கசாமி சார்.

மறுநாள் இரண்டு பேரும் சென்னை வந்தோம். உங்களுக்கு ஞாபகம் இல்லை என்றால் நான் ஞாபகப்படுத்துகிறேன். உங்கள் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. ரங்கசாமி சார் தாளை விரித்துக் காட்டினார்.

"சர்க்குலர் போகாம ஓடாதுன்னு சொன்னீங்களே சார்."

"டெல்லிலேர்ந்து பாக்க வந்தாங்க. காட்ட வேண்டியிருந்தது."

"அட்டை எல்லாம் இங்கதான இருக்கு. பழைய வெர்ஷன்ல மறுபடி ஓட்டுங்க."

மறுபடி. எங்களிடம் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல்.

நீங்கள் சொன்னீர்கள்: "ஓட்டலாம். வேற நம்பர் வரும். எது சரின்னு கேப்பாங்க. உங்க பிர்காவுக்கு மட்டும் கேக்க மாட்டாங்க மிஸ்டர் ரங்கசாமி, மொத்த மாநிலத்துக்கும் கேப்பாங்க. அந்த மண்டபத்துல இருந்த நீங்க, தாள் அனுப்பறதுக்கு முன்னாடி ஏன் ஒரு போன் பண்ணலன்னும் கேப்பாங்க. பதில் சொல்றீங்களா?"

அப்போதுதான் ரங்கசாமி சார் உட்கார்ந்தார்.

டீ வந்தது. நீங்கள் இன்னொரு தாளை எடுத்து நட்சத்திர வரைபடத்தைக் காட்டினீர்கள். எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது பாருங்கள் என்றீர்கள். சுத்தமாகத்தான் இருந்தது. அதில் சொட்டையே இல்லை.

திரும்பும் பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. "எழுத்துமூலமா கேக்கலாமே சார்" என்றேன். "எனக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட இருக்குய்யா" என்றார். அதோடு சரி. அவரை நான் குறை சொல்ல மாட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். குறை சொன்னேன், மனசுக்குள் பல வருஷம் சொன்னேன். ஆனால் மண்டபத்தில் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர். நானே எழுதினேன், இரண்டு தடவை, முறைப்படி அவர் வழியாக. அவர் மேலே அனுப்பினார். பதில் வரவில்லை.

சித்திரையில் எஞ்சினை எடுத்தார்கள். கோடைப் பயிர்க் கணக்குக்காக நான் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. சங்கத்து ஆட்கள் இரும்புக் குழாயைக் கழற்றத் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் கிணற்று மேட்டிலிருந்து இறங்கிப் போய், "அந்த நட்ட மொதல்ல கழட்டு நைனா, குழா ஒடஞ்சிடும்" என்று காட்டிக் கொடுத்தார். தானே ஸ்பேனரை வாங்கித் திருகினார்.

பச்சையம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"வா சார். கயிறு எடுத்துக்கினு வந்தியா? எஞ்சின் இருந்த எடத்துல போட்டு அள. அங்கயும் நெல்லு வெளஞ்சிருக்கும்."

சங்கத்து ஆட்கள்கூடச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஆடியில் உங்கள் சர்க்குலர் வந்தது. இனி பூஜ்யத்தைப் பூஜ்யம் என்றே எழுத வேண்டும். போன சம்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரங்கசாமி சார் அதைப் படித்துவிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். அவர் இப்போது இல்லை.

கன்னியப்பன் அடுத்த வருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மாகறல் பக்கம் செங்கல் சூளைக்குப் போனார். வெண்ணிப்பாக்கத்தில் அதற்குப் பிறகு என் கயிற்றை யாரும் தடுக்கவில்லை. அதுதான் கஷ்டம். முன்பெல்லாம் அங்கே போடாதே, இங்கே போடு என்று சண்டைக்கு வருவார்கள். இப்போது வரப்புக்கே வர மாட்டார்கள். "நீ எங்க போட்டா இன்னா சார், எழுதறதத்தான எழுதப் போற" என்பார்கள்.

அதற்குப் பிறகும் வெர்ஷன்கள் வந்துகொண்டேதான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம், ஒரு வரைபடம், புதுமைகளின் பட்டியல். எல்லாக் கூட்டத்திலும் நான் எழுந்து ஒரே கேள்வி கேட்பேன்: காலியாக விட்டால் என்ன செய்யும்? கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு "காலி சார்" என்று பெயர் வைத்தார்கள். நான் எழுந்தாலே சிரிப்பு. ஓய்வு பெறும்வரை கேட்டேன். சலித்துவிட்டது, ஆனாலும் கேட்டேன். மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலியைப் பார்த்ததும் அது நட்சத்திரமாவது போட்டது, இது நானாகப் போட்டது என்று ஒப்புக்கொண்டது. நீங்கள் நாலு பக்கம் எழுதி ஒரு நட்சத்திரம்கூடப் போடவில்லை.

அதனால் கேட்கிறேன், எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே கேட்கிறேன். காஞ்சிபுரம் மண்டபத்தில் ரங்கசாமி அந்தக் கேள்வியைக் கேட்டாரா, இல்லையா? சர்க்குலர் போகாமல் ஓட்ட மாட்டோம் என்று சொன்னீர்களா, இல்லையா? சொல்லிவிட்டு அந்தச் சம்பாவிலேயே ஏன் ஓட்டினீர்கள்? பழைய வெர்ஷனில் மறுபடி ஓட்டிப் பார்க்க யார் வேண்டாம் என்றது?

எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். இதே இதழில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள். கன்னியப்பன் இறந்துவிட்டார். பச்சையம்மாள் வெண்ணிப்பாக்கத்தில் இருக்கிறாள். படிக்கத் தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. இதழ் வந்ததும் நான் போய்ப் படித்துக் காட்டுவேன்.

பதில் எழுதாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டீர்கள் என்றால், அவளும் நானும் பழைய வெர்ஷன் ஆட்கள். காலியை எப்படிப் படிக்க வேண்டும் என்று உங்கள் மையம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.